வாசற்படியில் ஒரு வாயில்லா ஜீவன்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயர் கொண்டு தொடங்குகிறேன். புகழனைத்தும் அவனுக்கே. அகிலத்தின் அருட்கொடையாக வந்த அண்ணல் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

 

வெள்ளிக்கிழமைதோறும் நம் வீடுகளில் ஸூரத்துல் கஹ்ஃபு ஓதப்படுகிறது. ஈமானைக் காப்பாற்றிக்கொள்ள ஊரை விட்டு வெளியேறி, ஒரு குகையில் தஞ்சம் புகுந்த இளைஞர்களின் வரலாறு அதில் வருகிறது. அவர்களுடன் ஒரு நாயும் சென்றது. அந்த நாய் குகையின் வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தது என்று அல்லாஹு தஆலா 18-வது ஆயத்தில் எடுத்துக் கூறுகிறான். அந்த இளைஞர்கள் எத்தனை பேர் என்பதில் மக்களுக்குள் கருத்து வேறுபாடு. மூவர், நாலாவது நாய் என்றனர் சிலர். ஐவர், ஆறாவது நாய் என்றனர் வேறு சிலர். எழுவர், எட்டாவது நாய் என்று சொன்னவர்களும் உண்டு. 22-வது ஆயத்தில் இதனைக் காணலாம்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஆட்களின் எண்ணிக்கை மாறிக்கொண்டே வருகிறது. ஆனால் எந்தக் கணக்கிலும் நாய் விடுபடவில்லை. மூன்றிலும் உண்டு, ஐந்திலும் உண்டு, ஏழிலும் உண்டு. நல்லோரின் வாசலில் காவல் கிடந்த ஒரு பிராணியைக் கணக்கில் சேர்த்தே வல்ல நாயன் தன் வேதத்தில் பேசுகிறான்.

நாமோ, நம் வாசலில் காவல் கிடக்கும் பிராணியைக் கணக்கில் சேர்க்கிறோமா? ஊருக்குப் புறப்படும்போது பெட்டிகளை எண்ணுகிறோம். பிள்ளைகளை எண்ணுகிறோம். கேஸ் அடுப்பை அணைத்தோமா, மோட்டாரை நிறுத்தினோமா, பூட்டை இழுத்துப் பார்த்தோமா என்று இரண்டு முறை கேட்டுக்கொள்கிறோம். கொல்லைப்புறத்தில் சங்கிலியில் கட்டிக் கிடப்பதைப் பற்றி யாராவது கேட்பதுண்டா? இந்தக் கட்டுரை அதைப் பற்றியதே.

பாதி சொன்ன பயான்

இதை எழுதத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. அதில் என் பங்குக் குற்றமும் இருப்பதால் மறைக்காமல் சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்துப் பகுதியில் ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆ பயான் செய்தேன். ஆட்டு மந்தை, வேட்டை, விவசாயம் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறைகிறது என்ற ஹதீதை எடுத்துச் சொன்னேன். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் ஹதீது அது. இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இரண்டு கீராத் என்றும் வந்துள்ளது. நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீதையும் சொன்னேன். நேரமாகிவிட்டது. அத்துடன் இறங்கிவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, அன்று பயான் கேட்டவர்களில் ஒருவர் மஃரிபுக்குப் பின் என்னிடம் வந்து அமர்ந்தார். முகம் வாடியிருந்தது. உறவினர் வீட்டு நிக்காஹுக்காகக் குடும்பத்தோடு நான்கு நாட்கள் வெளியூர் போயிருந்தார்களாம். வீட்டு நாயைப் பின்கட்டில் முருங்கை மரத்தில் கட்டி, ஒரு தட்டில் சோறும் ஒரு சட்டியில் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் நாளே நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி முழுவதும் மரத்தில் சுருண்டுகொண்டது. சட்டி கவிழ்ந்தது. மீதிச் சோறு எட்டாத தூரத்தில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. வெயிலோ சித்திரை வெயில்.

நாயைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டு மூதாட்டி. நம் மார்க்கத்தைச் சார்ந்தவரல்லர். இரவெல்லாம் முனகல் கேட்டு, மதில்மேல் எட்டிப் பார்த்து, தம் வீட்டுக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, மதிலுக்கு மேலாக அதன் வாய்க்கு நேரே தண்ணீர் விட்டிருக்கிறார். பழைய சோற்றை உருண்டை பிடித்து எறிந்திருக்கிறார். குடும்பம் திரும்பி வந்தபோது நாய்க்கு உயிர் இருந்தது. கழுத்தில் பட்டை அறுத்துப் புண் வைத்திருந்தது. "வாயில்லா ஜீவன் பாய், தவிச்சுக் கெடந்துச்சு, மனசு கேக்கல" என்று மட்டும் அந்த அம்மாள் சொன்னாராம்.

"ஏன் இப்படி விட்டுப் போனீர்கள் பாய்?" என்று நான் கேட்டேன். அவர் தலை குனிந்தவாறே, "நாய் வீட்டில் இருப்பதே நன்மையைக் குறைக்கும் என்று பயானில் கேட்டேன் ஹஜ்ரத். அதற்குப் போய் ரொம்பப் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்" என்றார்.

சகோதரர்களே! அந்தச் சொல் என் நெஞ்சில் தைத்தது. நான் சொன்ன ஹதீது உண்மை. ஆனால் பாதியைச் சொன்னேன், மறு பாதியைச் சொல்லவில்லை. அந்த மறு பாதியை இப்போது சொல்கிறேன்.

கட்டியவர் மீதே கடமை

ஒரு பெண் ஒரு பூனையின் காரணத்தால் வேதனை செய்யப்பட்டாள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அப்பூனையை அவள் அடித்துக் கொல்லவில்லை. விஷம் வைக்கவுமில்லை. அடைத்து வைத்தாள். அதற்கு உண்ணக் கொடுக்கவில்லை, பூமியின் புழு பூச்சிகளைத் தானே தேடித் தின்னும்படி அவிழ்த்துவிடவும் இல்லை. அது மாண்டது. அவள் நரகம் புகுந்தாள். இப்னு உமர் (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பும் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

இந்த ஹதீதின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அவிழ்ந்து திரியும் உயிருக்கு அல்லாஹ் பூமியில் உணவை விரித்து வைத்திருக்கிறான். உணவளிக்கும் பொறுப்பைத் தான் ஏற்காத எந்த உயிரினமும் பூமியில் இல்லை என்று ஸூரத்து ஹூதின் 6-வது ஆயத்தில் அவனே உறுதி கூறுகிறான். அந்த உயிரை நாம் சங்கிலியில் கட்டும்போது, அல்லது கதவைச் சாத்தி அடைக்கும்போது, அதன் ரிஜ்கிற்குச் செல்லும் வழியை நம் கையால் மறிக்கிறோம். அந்த நொடியிலிருந்து அதன் சோறும் தண்ணீரும் நம் கழுத்தில் ஏறிய கடமையாகிவிடுகின்றன. தெருவில் திரியும் நாய்க்குத் தண்ணீர் வைத்தால் நன்மை. கட்டிப்போட்ட நாய்க்கு வைக்காவிட்டால் குற்றம். இரண்டும் ஒன்றல்ல.

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிப் புறப்படுவோரும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமல் விட்டுத் தவக்குல் வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது திர்மிதியில் இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்த பிறகே தவக்குல். வெறும் சட்டியை வைத்துவிட்டு வைப்பது தவக்குல் ஆகாது; அது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதாகும்.

மதீனாவில் ஓர் அன்ஸாரியின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நாயகத்தைக் கண்டதும் கதறிக் கண்ணீர் வடித்தது. அவர்கள் அதன் தலையைத் தடவிக்கொடுத்து, உரிமையாளரை அழைத்து, அல்லாஹ் உமக்கு உடைமையாக்கித் தந்த இந்தப் பிராணியின் விஷயத்தில் அவனை அஞ்ச வேண்டாமா, நீர் இதைப் பட்டினி போட்டுக் களைப்படையச் செய்வதாக இது என்னிடம் முறையிடுகிறதே என்று கண்டித்தார்கள். அபூதாவூதில் இந்நிகழ்ச்சி உள்ளது. நம் வீட்டுப் பின்கட்டில் கிடப்பது முறையிட நாயகம் (ஸல்) அவர்கள் இன்று நேரில் இல்லை. ஆனால் அதன் முனகலைக் கேட்கும் ரப்பு இருக்கிறான்.

ஒளுவின் தண்ணீரும் நாயின் தாகமும்

"இதெல்லாம் ஆடு மாடு ஒட்டகத்துக்கு அல்லவா? நாய்க்குமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் மத்ஹபுகளின் கிதாபுகளை விரித்துப் பார்ப்போம்.

பயணத்தில் ஒருவரிடம் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறது. ஒளுச் செய்தால் தீர்ந்துவிடும். தாகித்திருப்பவருக்குக் கொடுத்தால் ஒளுவுக்கு இல்லை. அப்போது தண்ணீரைத் தாகத்திற்கு வைத்துக்கொண்டு, தயம்மும் செய்து தொழுதுகொள்ளலாம் என்பது சட்டம். யாருடைய தாகம்? தன்னுடையதா, தன் தோழருடையதா? ஹனஃபீ மத்ஹபின் பெயர்பெற்ற நூலான துர்ருல் முக்தார், அவருடைய நாயின் தாகமாக இருந்தாலும் சரியே என்று அந்த இடத்தில் எடுத்துக் கூறுகிறது. ஷாபிஈ மத்ஹபின் இமாம்களும் தேவைக்காக வைத்திருக்கும் நாயின் தாகத்தை இதே கணக்கில் சேர்த்துள்ளார்கள்.

அல்லாஹு அக்பர்! தொழுகைக்கான ஒளுவின் தண்ணீரே ஒரு நாயின் தாகத்திற்காக விட்டுக்கொடுக்கப்படுகிறது. நாய் தொட்டால் ஆடையை எப்படிக் கழுவுவது என்று நூறு பேர் என்னிடம் மஸ்அலா கேட்டிருக்கிறார்கள். அதன் தாகத்தைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. இரண்டும் ஒரே ஷரீஅத்தில்தான் இருக்கின்றன.

நாய்க்கு உணவளிக்க வேண்டும். இயலாவிட்டால் பயன்படுத்திக்கொள்ளக்கூடியவரிடம் விட்டுவிட வேண்டும். அடைத்து வைத்துப் பசியால் சாகவிடுவது கூடாது என்றும் ஃபுகஹாக்கள் கூறியுள்ளார்கள். ஹிஜ்ரி 660-ல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலோ நோயாலோ அது பயனற்றுப் போனாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். குரைக்கும் வரை சோறு, குரல் தேய்ந்ததும் காட்டுப்பாதை என்பது நம் மார்க்கமல்ல.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணமுண்டு. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் மலைச்சாலையைப் போன்ற இடங்களில், வேண்டாத நாயை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது ஒரு பரிகாரம் என்று சிலர் எண்ணுகிறார்கள். வீட்டுச் சோறு தின்று பழகிய பிராணிக்குக் காட்டில் இரை தேடத் தெரியாது. காட்டுப்பன்றியிடமோ வாகனத்திடமோ சிக்கிச் சாகும். அல்லது மலைவாழ் மக்களின் ஆடு கோழிகளுக்குத் தொல்லையாகும். நன்மையில் ஒரு கீராத் குறைகிறதே என்று அஞ்சி, ஓர் உயிரின் இரத்தப் பழியைச் சுமப்பது எந்த வியாபாரம்? தேவையின்றி நாய் வைத்திருப்பவர், தோட்டமும் பட்டியும் உள்ள, வைத்துக் காப்பாற்றக்கூடிய ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படைக்கட்டும். அதுவரை அது அவரிடமுள்ள அமானிதம்.

யாருக்கு அனுமதி?

நம் பகுதியில் நாய் பெரும்பாலும் பகட்டுக்கு வளர்க்கப்படுவதில்லை. கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிடும் கொல்லைகளில் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்குகிறது. மலைமேல் சாமையும் தினையும் காக்க நாய் வேண்டும். மோட்டார் கொட்டகைக்குக் காவல் வேண்டும். ஆட்டுப் பட்டிக்கு வேண்டும். இவை ஹதீதிலேயே விலக்களிக்கப்பட்ட மந்தை, விவசாயம் ஆகிய தேவைகளுக்குள் வருகின்றன. வீட்டுக் காவலையும் இதனுடன் ஒப்பிட்டு அனுமதிப்பதே சரியான சொல் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் முடிவு. திருடர் பயம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது ஹனஃபீகளின் தீர்ப்பு. மலக்குகள் நுழையாமை அனுமதிக்கப்பட்ட நாய்க்கும் பொருந்துமா என்பதில் உலமாக்களிடையே இரு கருத்துகள் உண்டு. ஆகையால் காவல் நாய்க்கு இடம் வாசலும் தோட்டமும்; படுக்கையறையும் தொழும் இடமும் அல்ல. குகைத் தோழர்களின் நாயும் வாசலில்தான் படுத்திருந்தது. வாசலில் என்றால் நிழலில் என்று பொருள், மொட்டை வெயிலில் என்று பொருளல்ல.

சுத்தத்தின் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷாபிஈ மத்ஹபில் நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த நீரால். ஹனஃபீ மத்ஹபில் எச்சில் நஜீஸ். மூன்று முறை கழுவினால் போதும். உலர்ந்த ரோமம் பட்டால் ஆடை அசுத்தமாகாது. நாய்க்கென்று தனிச் சட்டியும், அதைக் கழுவத் தனி இடமும் வைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

இனி நடைமுறைக்கு வருவோம். காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமானால், புறப்படுமுன் நாயைச் சற்று நேரம் நடக்கவிட்டு, வயிறார உணவு கொடுங்கள். நாய்க்கு நம்மைப் போல் உடலெங்கும் வியர்க்காது. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஆகவே தண்ணீர் மிக முக்கியம். இலேசான பிளாஸ்டிக் கிண்ணம் கவிழும். கல்தொட்டியோ கனமான மண்சட்டியோ வையுங்கள், ஒன்றல்ல இரண்டு. தகரக் கூரையின் கீழோ, பூட்டிய காருக்குள்ளோ, காற்றில்லாத அறையிலோ அடைக்காதீர்கள். காலையில் இருக்கும் நிழல் மாலையில் இருக்காது. சூரியன் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள்.

கூடுமானவரை சுற்று மதிலுக்குள் அவிழ்த்தே விடுங்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், சங்கிலி நீளமாகவும், முறுக்கிக்கொள்ளாதபடி சுழலும் வளையம் உள்ளதாகவும் இருக்கட்டும். மரம், தூண் ஆகியவற்றைச் சுற்றி வரும்படி கட்டினால் என்ன ஆகும் என்பதை மேலே பார்த்தோம். மதிலோரத்தில், மாடிப்படியில், கிணற்றருகில் கட்டினால் தாண்டிக் குதித்துத் தொங்கிவிடும். கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். நாளெல்லாம் கட்டிப்போட்டு, நடக்கவிடாமல் வைப்பதை இந்நாட்டின் 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டமும் குற்றமாகவே சொல்கிறது. குட்டியாக இருந்தால் அரை நாள்கூடத் தனியே விடலாகாது.

இரவு தங்கும் பயணமானால், சட்டிகளை நிரப்பி வைப்பது மட்டும் போதாது. நான்கு நாள் சோற்றை ஒரே நாளில் வைத்தால் முதல் நாள் மாலையே புளித்து, ஈயும் எறும்பும் மொய்க்கும். காலையும் மாலையும் நேரில் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவர் நாய்க்குப் பழகியவராக இருக்க வேண்டும். புறப்படுவதற்கு முன்பே இரண்டு மூன்று நாள் அவர் கையால் சோறு வைக்கச் செய்யுங்கள். அவருக்குக் கூலி பேசிக் கொடுத்துவிடுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. உங்கள் கைப்பேசி எண்ணையும் கால்நடை மருத்துவமனையின் எண்ணையும் அவரிடம் எழுதிக் கொடுங்கள். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விருந்து முடிந்து மிஞ்சிய பிரியாணியை நாய்க்கு வைப்பது தர்மம் என்று எண்ணுகிறோம். வெந்த எலும்பு சில்லாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். வெறும் சோறும் மசாலா சேராத கறியும் போதும்.

அண்டை வீட்டாரின் ஹக்கையும் மறவாதீர்கள். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ அவர் முஃமினல்லர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை ஆணையிட்டுச் சொன்னார்கள். தனிமையில் விடப்பட்ட நாய் இரவெல்லாம் ஊளையிட்டால் அடுத்த வீட்டு நோயாளிக்கும் கைக்குழந்தைக்கும் தூக்கம் போகிறது. வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். எவரையேனும் கடித்துவிட்டால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது உங்கள் பொறுப்பு.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. 2024 நவம்பர் 30-ல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் தென்பெண்ணை பெருகி, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர் மாவட்டங்களில் ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்ததை நாம் கண்டோம். வெள்ளத்தில் அவிழ்ந்திருக்கும் பிராணி நீந்தி மேடு ஏறும்; கட்டிக் கிடப்பது கட்டிய இடத்திலேயே மூழ்கும். உடன் கொண்டுபோக முடியாவிட்டால், வீட்டை விட்டு ஓடும் அவசரத்திலும் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓடுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நாய்க்கும் இதுவே சட்டம்.

ஹாஜிகளுக்கு ஒரு வார்த்தை

நம் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வீடு வீடாகச் சென்று, "தெரிந்தோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள், துஆ செய்யுங்கள்" என்று கேட்டுவருவது அழகிய வழக்கம். கடனை அடைக்கிறோம். அமானிதங்களை ஒப்படைக்கிறோம். உம்ராவுக்குச் செல்வோரும், மூன்று நாள், நாற்பது நாள் ஜமாஅத்தில் செல்வோரும் இதுபோல் ஒழுங்கு செய்துவிட்டே கிளம்புகிறார்கள். அந்தப் பட்டியலில் வாசலில் கிடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதனிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம். வாயில்லா ஜீவனிடம் மறுமையில் எப்படிக் கேட்பது?

ஒரு மனிதர் வழியில் தாகத்தால் கிணற்றில் இறங்கிக் குடித்து மேலே வந்தார். தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த ஒரு நாயைக் கண்டார். எனக்கு வந்த தாகம்தானே இதற்கும் என்று மீண்டும் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீர் மொண்டு, அதை வாயில் கவ்விக்கொண்டு ஏறி வந்து அதற்குப் புகட்டினார். அல்லாஹ் அந்தச் செயலை ஏற்று அவரை மன்னித்தான். பிராணிகளின் விஷயத்திலும் எங்களுக்கு நற்கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் கேட்டபோது, ஈரமுள்ள ஈரல் கொண்ட ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் கூலி உண்டு என நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள்.

அந்த மனிதருக்கு அந்த நாய் யாரோ. வழியில் கண்டது. அவர் கட்டி வைத்ததுமல்ல. அதற்கே மன்னிப்பு என்றால், நம் வாசலைக் காக்கும் நாய்க்கு நாம் வைக்கும் ஒரு சட்டித் தண்ணீரில் எவ்வளவு எதிர்பார்க்கலாம்! அதை வைக்க மறந்தால் எவ்வளவு அஞ்ச வேண்டும்! மதிலுக்கு மேல் டியூபைப் பிடித்து நின்ற அந்த மூதாட்டி எந்த ஹதீதையும் கேட்டதில்லை. கேட்டவர்களாகிய நாம்தான் பூட்டிவிட்டுப் போனோம்.

அந்தச் சகோதரர் அன்றிரவே அந்த அம்மாள் வீட்டுக்குச் சென்று நன்றி சொல்லிவிட்டு வந்ததாகப் பின்னர் தெரிவித்தார். நாய்க்கும் புண் ஆறிவிட்டது. என் கடனோ இந்த மறு பாதியை எழுதி முடித்த பிறகே தீர்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஸூரத்துல் கஹ்ஃபு ஓதும்போது, அந்த 22-வது ஆயத்தில் சற்று நின்று, நம் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பொறுப்பில் உள்ள ஒவ்வோர் உயிரின் ஹக்கையும் உணர்ந்து நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.